இளந்தொண்டரை ஆக்கிய விபுலானந்த அடிகளார்

விபுலானந்த அடிகளார் என்றதும் யாழ் நூலே நம்மவர் நினைவுக்கு முதலில் வருகின்றது. அஃது இயல்பே. வழக்கொழிந்து போன பழந்தமிழ் இசைக் கருவியின் அமைப்பையும் அதன் சுரங்களின் அளவையும் கணித முறையால் ஆராய்ந்து மீட்டுத் தந்த அரிய நூல் அது. எனினும், ஓர் இந்துக் கல்லூரியின் விழா மலரில் அடிகளாரைப் பற்றி எழுதப் புகுந்த நாம், அந்நூலைச் சற்றே ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் வாழ்க்கையின் மற்றொரு பகுதியை எடுத்துக்கொள்கின்றோம். அடிகளார் பள்ளிக்கூடங்களை நிறுவினார் என்பது பலரும் அறிந்தது. அப்பள்ளிக்கூடங்களிலே தொண்டு செய்யத் தக்க இளைஞரைத் தேடிப் பிடித்துப் பழக்கினார் என்பது அத்துணை பேசப்படுவதில்லை.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கிழக்கிலங்கையில் உள்ள காரைதீவு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். ஊரிலே குஞ்சித்தம்பி உபாத்தியாயரிடம் தமிழ் கற்றுத் தொடங்கிய சிறுவன், பின்னர்க் கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், அதன்பின் மட்டக்களப்பிற் கத்தோலிக்கக் குருமார் நடத்திய அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றான். 1908ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் சீனியர்ப் பரீட்சையில் தேறியபோது வயது பதினாறு. பதினாறு வயதில் அந்நாளிற் பலருங் கச்சேரி உத்தியோகத்தை நாடுவர். மயில்வாகனனோ தாம் படித்த கல்லூரியிலேயே ஆசிரியராய் அமர்ந்தார்.

1911ஆம் ஆண்டிலே கொழும்பு அரசினர் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்து பயிற்றப்பட்ட ஆங்கில ஆசிரியரானார். அந்நாளிலே பயிற்சிப் பத்திரம் பெற்ற ஆசிரியரின் தொகையைக் கொண்டே ஒரு பாடசாலையின் நிலையும் அதற்குரிய அரசாங்க உதவிப் பணமும் பெரும்பாலும் மதிக்கப்பட்டன. பாடசாலையை நடத்துவோர் மனேசர். ஆசிரியரை நியமிப்பவரும் விலக்குபவரும் அவரே. கிறித்தவ மிஷன்கள் இந்த நுட்பத்தைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தன. கோப்பாயிலும் தெல்லிப்பழையிலும் கொழும்புத்துறையிலும் தம் ஆசிரியரைத் தாமே பயிற்றுதற்கு அவை ஏற்பாடு செய்திருந்தன. சைவர் நாவலர் பெருமான் காலந்தொட்டுப் பாடசாலைகள் பலவற்றைத் திறந்திருந்தும், பயிற்றப்பட்ட சைவ ஆசிரியர் கிடையாமல் இடர்ப்பட்டனர். 1923ஆம் ஆண்டிலே தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தார் பின்னர்த் திருநெல்வேலியிற் சைவாசிரிய கலாசாலையை அமைத்தது இக்குறையை நீக்கவே. மயில்வாகனனார் இக்குறையை உள்ளிருந்தே கண்டவர்; கிறித்தவப் பாடசாலைகளிற் கற்று, அரசாங்கக் கலாசாலையிற் பயிற்சி பெற்று, மீண்டுங் கிறித்தவக் கல்லூரிகளிலே கற்பித்தவர். அவர்தம் குருமார் தமக்குச் செய்த நன்மையை அவர் பிற்காலத்தில் ஒருபோதும் மறைத்ததில்லை. நம் சமயத்தார் சிலர் இதனைச் சொல்லக் கூச்சப்படுகின்றனர்; நாம் கூச்சப்படவில்லை.

தமிழ்க் கல்வியையும் அவர் கைவிடவில்லை. கொழும்பிலே தென்கோவைப் பண்டிதர் கந்தையாபிள்ளையிடம் பாடங்கேட்டு, 1916ஆம் ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையில் தேறினார். ஈழத்திலிருந்து அப்பரீட்சையில் முதன்முதற் சித்தியெய்தியவர் அவரே. அதே ஆண்டிற் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும் பெற்றார். தமிழ்ப் பண்டிதரும் இரசாயன ஆசிரியரும் ஓருடம்பிலே கூடியது அந்நாளில் ஒரு புதுமை.

1917ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரிக்கு விஞ்ஞான ஆசிரியராய் வந்தார். கொழும்பிலிருந்து புகைவண்டியில் வருவோர் யாவரும் நம் கொடிகாமத்தைக் கடந்தே யாழ்ப்பாணம் சேர்தல் வேண்டும். அவ்வழியே அவரும் பலமுறை போய் வந்திருப்பார் என்று எண்ணுதல் நமக்கு மகிழ்ச்சி தருகின்றது. யாழ்ப்பாணத்திலிருந்த காலத்திலேயே இலண்டன் பல்கலைக்கழகத்து பி. எஸ்ஸி. பட்டத்தையுந் தாமே படித்துப் பெற்றார். 1920ஆம் ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரைத் தலைமையாசிரியராய் அழைத்துக்கொண்டது. சைவர் நடத்திய ஓர் ஆங்கிலக் கல்லூரியின் பொறுப்பு அவரிடம் வந்தது அதுவே முதன்முறை.

யாழ்ப்பாணத்தில் அவர் செய்த வேலைகளுள் இன்றும் எண்ணத்தக்கது ஒன்று உண்டு. 1921ஆம் ஆண்டிலே தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தை நிறுவியவருள் அவரும் ஒருவர். அச்சங்கம் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என மூன்று படியாகப் பரீட்சைகளை நடத்திற்று. ஆங்கிலம் அறிந்த ஆசிரியருக்கு ஒரு மதிப்பும், தமிழ் மட்டும் அறிந்த ஆசிரியருக்கு அதிற் கால்வாசி மதிப்பும் இருந்த காலம் அது. தமிழாசிரியர் கடல் கடந்து மதுரைக்குப் போகாமல் நம் நாட்டிலேயே பரீட்சை எழுதிப் பட்டம் பெறவும், அப்பட்டத்தாற் பாடசாலையில் தலைநிமிர்ந்து நிற்கவும் இச்சங்கம் வழி செய்தது. தென்மராட்சிப் பகுதியின் கிராமப் பாடசாலைகளிலே தமிழ் கற்பித்த பண்டிதர் பலரின் பெயருக்கு முன் நின்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் இவ்வரலாறு இருக்கின்றது.

இக்காலத்திலேயே இராமகிருஷ்ண மிஷனின் தொடர்பு அவருக்கு ஏற்பட்டது. சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு ஜனவரியிலே யாழ்ப்பாணம் வந்து, இந்துக் கல்லூரியிற் பேசிச் சென்றவர். அவ்வாண்டு மே மாதத்திலேயே கல்கத்தாவில் அந்த மிஷனை நிறுவினார். துறவியர் காடு புகாமல் நாட்டிலிருந்து, நோயாளிக்கு மருந்தும் ஏழைக்குச் சோறும் சிறுவர்க்குக் கல்வியும் கொடுத்தலே வழிபாடு என்பது அம்மிஷனின் கொள்கை. எல்லாச் சமயமும் ஒரே உண்மையை நாடும் வழிகளே என்பதும் அதன் கொள்கை. சென்னை மடத்துத் தலைவராயிருந்த சர்வானந்த சுவாமிகளின் பழக்கத்தால் மயில்வாகனனார் இவ்விரண்டினும் உறுதி பெற்றார். 1922ஆம் ஆண்டிலே மானிப்பாயில் வகித்த பதவியை விட்டுச் சென்னை மயிலாப்பூர் மடத்திற் சேர்ந்தார். பிரமசாரியாய்ப் பிரபோத சைதன்னியர் என்னும் பெயரோடு இரண்டு ஆண்டு இருந்தார். மடத்துப் பத்திரிகைகளாகிய இராமகிருஷ்ண விஜயத்தையும் வேதாந்த கேசரியையும் கவனித்தார். 1924ஆம் ஆண்டு சித்திரா பூரணையன்று சிவானந்த சுவாமிகளிடம் சந்நியாசம் பெற்று விபுலானந்தரானார். அடுத்த ஆண்டிலே இலங்கைக்குத் திரும்பினார்.

முப்பது வயதளவில், பட்டமும் பதவியும் புகழும் கையிலிருக்கையில், ஒருவர் அவற்றை விடுவது எளிதன்று. ஆயினும் அவர் விட்டது சம்பளத்தையேயன்றி ஆசிரியத் தொழிலை அன்று. திரும்பி வந்த துறவியை மிஷன் பாடசாலைகளின் பொறுப்பிலேயே அமர்த்திற்று. அவர் திருகோணமலை இந்துக் கல்லூரியைச் சில ஆண்டு நடத்தினார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை வைத்தீஸ்வர வித்தியாலயமும் மிஷன் மேற்பார்வையில் இருந்தது. 1929ஆம் ஆண்டில் மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையிலே தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். காரைதீவிலே பெண்கள் கல்விக்காகச் சாரதா வித்தியாலயம் எழுந்தது. கிழக்கிலே சைவப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டுமாயின் மிஷனரிமாரின் கல்லூரியை நாடுவதே பெருவழக்காயிருந்த நிலை இதனால் மாறிற்று.

இங்கே ஒன்றை நின்று கவனித்தல் வேண்டும். ஒரு பாடசாலையைத் திறந்தால் அதற்கு ஆசிரியர் வேண்டும். பலவற்றைத் திறந்தாற் பலர் வேண்டும். துறவி ஒருவர் எத்தனை வகுப்பிலே நிற்க முடியும்? ஆகவே அடிகளார் இளைஞரைத் தேடினார். கல்லடியில் ஆச்சிரமமும் வித்தியாலயமும் மாணவர் இல்லமும் ஒன்றையொன்று அணைந்தே நின்றன. தாய் தந்தையற்ற சிறுவரும், படிக்க வசதியற்ற ஏழைச் சிறுவரும் அவ்வில்லத்தில் உண்டு உறங்கிப் படித்தனர். இப்படி அமைந்த இடத்தில் ஓர் இளைஞன் ஆசிரியனாய்ப் பழகும்போது கரும்பலகை வேலையை மட்டும் பழகுவதில்லை. விடியலிற் சிறுவரை எழுப்புவது, நோயுற்றவனுக்குக் கஞ்சி கொடுப்பது, பந்தியில் யார் பக்கத்தில் யார் இருப்பது என்பதைப் பாராமல் இலை போடுவது ஆகிய யாவும் அவன் பயிற்சியாகின்றன. காரைதீவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அடிகளாரைப் பின்பற்றித் துறவு பூண்டு நடராஜானந்தரானார். அடிகளார் வேறிடங்களுக்குச் சென்ற காலங்களிலும், அவர் மறைந்த பின்னரும், கிழக்கிலே மிஷன் பணியைத் தாங்கியவர் அவரே. புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை போன்ற தமிழறிஞரையும் அடிகளார் பாடசாலைப் பணியிற் சேர்த்துக்கொண்டார். இவர்களை விடப் பெயர் தெரியாத உதவி ஆசிரியர் பலர். அவர்களின் பட்டியலை எவரும் எழுதிவைக்கவில்லை.

சைவச் சூழலில் நின்ற சிவானந்த வித்தியாலயத்திற் பயின்றோர் சைவர் மட்டுமல்லர். கிழக்கிலங்கை முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே கற்றனர். சமயச் சார்பு ஒரு கல்லூரிக்கு வேராக இருக்கலாம். வேலியாக இருக்க வேண்டுவதில்லை என்பதற்கு அக்கல்லூரி நம் கண்முன் நிற்கும் சான்று.

யாழ்ப்பாணத்தின் நிலையோ அந்நாளில் இதற்கு மாறாய் இருந்தது. இதை எழுத நமக்கு இன்பமில்லை. எழுதாது விட்டால் அடிகளாரின் பணி ஏன் பெரிதென்பது விளங்காது. தாழ்த்தப்பட்ட சாதியாரின் பிள்ளைகள் சைவப் பாடசாலைகள் பலவற்றிற் சேர்க்கப்படவே இல்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் வாங்கிலன்றித் தரையில் இருத்தப்பட்டனர். கிறித்தவப் பாடசாலைகளும் இவ்வழக்கிலிருந்து முழுதும் நீங்கியிருந்தன என்று சொல்வதற்கில்லை. உதவிப் பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுத்தல் வேண்டும் என்று 1920களின் முடிவிலே கல்விப் பகுதியார் கட்டளையிட்டபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்புக் கொஞ்சமன்று. மனுக்கள் எழுதப்பட்டன, பிள்ளைகளைப் பெற்றோர் மறித்தனர், பாடசாலைகள் சில இரவோடிரவாகத் தீக்கிரையாயின. கட்டளை கடதாசியில் இருந்தது. அதை வகுப்பறையில் நிறைவேற்ற வேண்டியவர் ஆசிரியர். காலையிற் கதவைத் திறந்து, இந்தப் பிள்ளையை இந்த வாங்கிலே இருத்துகின்றேன் என்று ஊரார் பார்க்கச் செய்யவேண்டியவர் அவர். அந்த ஆசிரியருக்கு நெஞ்சுறுதி இல்லையாயின் கட்டளையால் ஆவதொன்றுமில்லை. நெஞ்சுறுதியைப் பயிற்சிப் பத்திரத்திலே எழுதிக் கொடுக்க இயலாது. அதைப் பழக்குவதற்கு ஓர் இடமும் ஒரு முன்மாதிரியும் வேண்டும். அடிகளாரின் ஆச்சிரமம் அத்தகைய இடமாயிற்று.

யாழ்ப்பாண இளைஞரிடையே அந்நாளிற் புதிய எழுச்சி ஒன்றும் இருந்தது. 1924ஆம் ஆண்டிலே தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதன் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் கிறித்தவர். சைவ இளைஞரும் கிறித்தவ இளைஞரும் அதில் ஒன்றாய் நின்று, தாய்மொழிக் கல்வியையும் தீண்டாமை ஒழிப்பையும் நாட்டு விடுதலையையும் பேசினர். 1927ஆம் ஆண்டு நவம்பரிலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றவரும் அவர்களே. அடுத்த ஆண்டு நடந்த காங்கிரஸ் மகாநாட்டுக்குத் தலைவராக அவர்கள் தேர்ந்தெடுத்தது காவியுடுத்த விபுலானந்தரை. கிறித்தவர் ஒருவர் முன்னின்று நடத்திய இளைஞர் சபைக்குச் சைவத் துறவி தலைமை தாங்கினார். அதே பேரின்பநாயகம் 1949ஆம் ஆண்டிலே கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார் என்பதையும் இங்கே நினைவு கூர்கின்றோம். இந்துக் கல்லூரி என்னும் பெயரின் பொருளை விரிவாக்கியோர் வரிசையில் அவருக்கும் இடமுண்டு.

1931ஆம் ஆண்டிலே அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய்ச் சிதம்பரஞ் சென்றார். 1933 வரை அங்கிருந்தார். பல்கலைக்கழகத்தை அடுத்துத் திருவேட்களம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ச் சேரியிலே வாழ்ந்த மக்களின் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளிற் சென்று எழுத்தறிவித்தார் பேராசிரியர். பகலிலே சிலப்பதிகாரம், மாலையிலே அரிச்சுவடி. வைதிகர் சிலர் முகஞ் சுளித்தனர். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த சம்பளத்திற் பெரும்பகுதி ஏழை மாணவருக்கும் மட்டக்களப்புப் பாடசாலைகளுக்கும் சென்றது. தம் கையாலே செய்யாத ஒன்றைப் பிறரைச் செய்யச் சொல்பவரல்லர் என்பதற்கு இது போதும்.

விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பிக்க வேண்டுமாயின் சொற்கள் வேண்டும். இரசாயன ஆசிரியராயிருந்த அவருக்கு இதன் அருமை தெரியும். 1936ஆம் ஆண்டிலே சென்னைமாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கூட்டிய கலைச்சொல் மகாநாட்டில் முன்னின்று உழைத்தார். கலைச்சொற்கள் 1938ஆம் ஆண்டிலே நூலாய் வெளிவந்தன. இதனையும் ஆசிரியப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே நாம் கருதுகின்றோம். சொல்லின்றி நிற்கும் ஆசிரியன் கருவியின்றி நிற்கும் தச்சனே அன்றோ! பின்னர் 1939ஆம் ஆண்டிலே இமயச் சாரலில் உள்ள மாயாவதி ஆச்சிரமத்துக்குச் சென்று பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியராய் இரண்டு ஆண்டு இருந்தார். 1943ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார்.

இவ்வாறு ஓரிடத்தில் நில்லாமற் சிதம்பரம், இமயம், கொழும்பு என்று சென்றமையாற் பாடசாலைப் பணி தளர்ந்ததோ என்று கேட்பவர் உண்டு. கல்லடியிலேயே அவர் இருந்திருப்பின் கிழக்கிலங்கைக் கல்வி இன்னும் விரைந்து வளர்ந்திருக்கலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஒருவர் பெயரிலேயே நடக்கும் நிறுவனத்துக்கு அவர் இல்லாத நாள் ஒரு சோதனை. ஆனால் அச்சோதனையிற் சிவானந்த வித்தியாலயம் தோற்கவில்லை. அடிகளார் நாட்டில் இல்லாத ஆண்டுகளிலும் அங்கே மணி ஒலித்தது. இல்லத்தில் அடுப்பு எரிந்தது. தாம் இல்லாதபோதும் நடத்தத் தக்க ஆட்களை அவர் ஆக்கிவைத்திருந்தார். யாழ் நூல் அவரால் மட்டுமே எழுதத்தக்க நூல். பாடசாலையைப் பிறரும் நடத்தலாம் என்று கண்டமையாலேயே அவர் அந்நூலுக்கு நேரம் பெற்றார் என்பது நம் எண்ணம்.

1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறிற்று. உடல்நலங் குன்றிய நிலையிலேயே அடிகளார் அவ்விழாவிற் கலந்துகொண்டார். இலங்கைக்குத் திரும்பிய அவர் அடுத்த மாதம், ஜூலை 19ஆந் திகதி, கொழும்பிலே உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்து. பூதவுடல் மட்டக்களப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கஞ் செய்யப்பட்டது. இறைவனுக்கு உகந்த மலர் எதுவென்று அவர் பாடிய பாட்டு அச்சமாதியிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது.

அடிகளார் மறைந்து பதின்மூன்று ஆண்டு கழிந்தபின், 1960, 1961ஆம் ஆண்டுகளிலே, உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் சட்டங்கள் நிறைவேறின. மிஷன் பாடசாலைகளும் சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் அரசாங்கத்திடஞ் சென்றன. மனேசரும் மறைந்தார், ஆசிரியரைத் தேர்ந்து பழக்கும் உரிமையும் நிறுவனங்களின் கையை விட்டகன்றது. இதனால் நேர்ந்த நன்மை தீமைகளைப் பற்றி நம் பழைய மாணவரிடையே இன்றும் வழக்காடுவோர் உளர். அரசாங்கப் பாடசாலையிற் சேரும் பிள்ளையைச் சாதி கேட்டுத் தடுத்தல் அரிதாயிற்று என்பது ஒரு பக்கம். பாடசாலைக்கு வெளியே நிலைமை அவ்வளவில் மாறவில்லை என்பது மறுபக்கம்: நம் தென்மராட்சியிலேயே, மட்டுவிற் பன்றித்தலைச்சி அம்மன் கோயில் வாயிலிலே, 1960களின் பிற்பகுதியில் உள்ளே செல்லும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. அன்று வாயிலின் இருபுறமும் நின்றோருட் பலர் நம் பகுதிப் பாடசாலைகளிற் கற்றவர்களே.

கல்லடியில் மாணவர் இல்லம் மட்டும் சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. அது மிஷனிடமே தங்கிற்று. நடராஜானந்தரும் அவருடன் நின்ற தொண்டரும் பெற்றோரற்ற பிள்ளைகளுக்குச் சோறிட்டு, உடை கொடுத்து, வளவின் மறுபக்கத்தில் இப்போது அரசாங்கத்தினதாகிவிட்ட அதே வித்தியாலயத்துக்குக் காலைதோறும் அனுப்பி வைத்தனர்.